கோஸுமெல்லில் ஒரு பகல்: கால்வெஸ்டனில் கப்பலேறும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஹூஸ்டன், டாலஸ், ஆஸ்டின், சான் அன்டோனியோ பக்கம் வாழும் அன்பான தமிழ்க் குடும்பங்களுக்கு,



பள்ளி விடுமுறை வந்ததும் உங்களில் பலர் கால்வெஸ்டன் துறைமுகத்துக்குக் காரைத் திருப்புகிறீர்கள். மார்ச் விடுமுறையிலோ, நவம்பரின் நன்றி நவிலல் வாரத்திலோ, கிறிஸ்துமஸுக்கோ, ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு கப்பலேறுகிறீர்கள். விமானச் சீட்டு வாங்க வேண்டியதில்லை, காரை நிறுத்திவிட்டு ஏறினால் போதும். அங்கிருந்து கிளம்பும் கப்பல்களின் பயணத் திட்டத்தில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வரும்: மெக்சிகோவின் கோஸுமெல் தீவு. 2023 டிசம்பரில் கால்வெஸ்டனுக்கு வந்த கார்னிவல் ஜூபிலி ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளைச் சுமக்கக்கூடிய கப்பல். அதன் ஒரு வாரச் சுற்றிலும் கோஸுமெல் உண்டு.

அந்தத் தீவில் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே ஒரு பகலைப் பற்றித்தான் இந்த மடல். துறைமுக வளாகத்தின் வாசலைத் தாண்டி வெளியே போங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்வதற்காக எழுதப்படுகிறது.

கோஸுமெல்லில் பெரிய கப்பல்கள் நிற்க மூன்று துறைகள் உள்ளன. புந்தா லங்கோஸ்தா ஊருக்குள்ளேயே இருக்கிறது. சர்வதேசத் துறையும் புவெர்தா மாயாவும் ஊருக்குத் தெற்கே நான்கைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. புவெர்தா மாயா கார்னிவல் நிறுவனத்தின் துறை. 2005 அக்டோபரில் வில்மா புயல் அதை நொறுக்கியது, மறுபடியும் கட்டி 2008-ல் திறந்தார்கள். மூன்றில் எதில் இறங்கினாலும் பாலத்தில் நடந்து வருகிறவர்களின் கால்கள் முதலில் ஒரு கடைத்தொகுதிக்குள்தான் நுழைகின்றன. நகைக்கடை, டி-ஷர்ட் கடை, டெக்கீலா கடை, உரக்கப் பாட்டு ஒலிக்கும் மதுக்கூடம் என்று வரிசையாக இருக்கும். பஹாமாஸில் இறங்கினாலும் ஜமைக்காவில் இறங்கினாலும் இதே பெயர்ப்பலகைகளில் பலவற்றைப் பார்க்கலாம். கப்பலில் முந்தின நாள் நடக்கும் கடைவீதி விளக்க உரையில் பரிந்துரைக்கப்படும் கடைகள், அந்தப் பரிந்துரைக்குக் கட்டணம் கொடுப்பவை. வளாகம் நிழலாக, சுத்தமாக, பாதுகாப்பாக இருக்கிறது. சின்னக் குழந்தையோடு வருகிறவர்களுக்கு அது ஆறுதல்தான். ஆனால் காலை எட்டு மணிக்கு இறங்கி, அங்கேயே இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு காந்த வில்லையை வாங்கிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குக் கப்பலுக்கே திரும்பிவிடுகிற குடும்பங்கள் ஏராளம். அவர்கள் மெக்சிகோவைப் பார்க்கவில்லை. மெக்சிகோவின் தரையில் போட்ட ஒரு கூடத்தைத்தான் பார்த்தார்கள்.

கப்பல் அங்கே ஏன் போகிறது என்று தெரிந்துகொண்டால் இந்த ஏற்பாடு புரியும். 1886-ல் அமெரிக்கா இயற்றிய பயணிகள் கப்பல் சட்டம் ஒன்று இன்றும் நடைமுறையில் இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளேயே பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது என்பது அதன் சாரம். பஹாமாஸிலும் பனாமாவிலும் பதிவான சொகுசுக் கப்பல்கள் ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஆளேற்றி அதே துறைமுகத்துக்குத் திரும்ப வேண்டுமானால், நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தையாவது தொட்டாக வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் கப்பல்களுக்கு மெக்சிகோவின் என்சனாடா அப்படி வாய்த்தது. டெக்சஸ், ஃபுளோரிடா கப்பல்களுக்கு கோஸுமெல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கடல் தெளிவாகவும் கரையருகே ஆழமாகவும் இருந்ததால் கப்பல்கள் பெருகின. இன்று ஆண்டுக்கு நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கப்பல் பயணிகள் அங்கே இறங்குகிறார்கள். தீவின் மக்கள்தொகையோ 2020 கணக்கெடுப்பின்படி 88,000-ஐச் சற்றே தாண்டுகிறது. நான்கு பெரிய கப்பல்கள் ஒரே நாளில் நின்றால், தீவில் இருக்கும் ஆறு பேரில் ஒருவர் மாலையில் போய்விடுகிறவர் என்ற நிலை வந்துவிடும்.

சரி, வாசலைத் தாண்டியாயிற்று. எங்கே போவது?

முதலில் ஊருக்கு. சான் மிகேல் என்பது தீவின் ஒரே நகரம். தெற்குத் துறைகளில் இறங்கியவர்கள் டாக்சி பிடிக்கலாம். மீட்டர் கிடையாது, இடத்துக்கு இவ்வளவு என்று விலைப்பட்டியல் துறையின் வாசலில் எழுதி வைத்திருப்பார்கள். ஏறுவதற்கு முன்பே தொகையையும், அது ஆளுக்கா வண்டிக்கா என்பதையும், பெசோவா டாலரா என்பதையும் பேசி முடித்துவிடுங்கள். பெசோவுக்கும் டாலருக்கும் ஒரே குறிதான் என்பதால் உணவுப் பட்டியலில் 180 என்று பார்த்துப் பதறுகிறவர்கள் உண்டு. அண்மை ஆண்டுகளில் ஒரு டாலர் ஏறத்தாழ 17 பெசோவுக்கும் 20 பெசோவுக்கும் இடையில் இருந்து வருகிறது. டாலரை எல்லோரும் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் கடைக்காரர் மனக்கணக்காகப் போடும் மாற்று விகிதம் உங்களுக்கு லாபமாக இருக்காது. வங்கி வாசலில் இருக்கும் ஏடிஎம்மில் கொஞ்சம் பெசோ எடுத்துக்கொள்வது நல்லது. ‘எங்கள் விகிதத்தில் மாற்றித் தரட்டுமா’ என்று திரை கேட்கும்போது வேண்டாம் என்று அழுத்துங்கள்.

ஊருக்குள் வழி தவறுவது கடினம். கடலை ஒட்டி ஓடுவது மெல்கார் சாலை. அதற்கு இணையாக உள்ளே போகப் போக அவெனிடா என்னும் சாலைகள் ஐந்து ஐந்தாக எண்ணப்பட்டிருக்கின்றன: 5, 10, 15, 20, 25. கடலிலிருந்து உள்நோக்கிப் போகும் குறுக்குத் தெருக்களில், பெனிட்டோ ஹுவாரஸ் சாலைக்கு வடக்கே உள்ளவை இரட்டை எண், தெற்கே உள்ளவை ஒற்றை எண். இது தெரிந்தால் ஃபோனைப் பையில் போட்டுவிட்டு நடக்கலாம். ஐந்தாவது அவெனிடா வரை சுற்றுலாக் கடைகள் துரத்தும். பதினைந்தைத் தாண்டினால் குரல்கள் அடங்கிவிடும். பள்ளிச் சீருடைப் பிள்ளைகள், டயர் ஒட்டும் கடை, தையற்கடை, மருந்துக்கடை, மாவை அரைத்துச் சூடாகச் சுட்டுக் கிலோக் கணக்கில் நிறுத்துத் தரும் தோர்த்தியாக் கடை எல்லாம் அங்கேதான். கடைக்குள் நுழையும்போது ‘புவெனோஸ் தியாஸ்’ என்று ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் பிறகு விலை கேளுங்கள். வணக்கம் சொல்லாமல் விலை கேட்பது அங்கே மரியாதைக் குறைவு.

அந்தப் பகுதியில்தான் நகராட்சிச் சந்தையும் இருக்கிறது. காய்கறி, மீன், மூலிகை விற்கும் வரிசைகளுக்குப் பக்கத்திலேயே குடும்பங்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடைகள். ஒரு மேசை, நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, பின்னால் கொதிக்கும் பாத்திரங்கள். பகல் சாப்பாடு ஒரே விலையில் சூப், சோறு, ஒரு குழம்பு வகை, தோர்த்தியா, ஒரு குவளை பழநீர் என்று வரும். அங்கே போய் உட்காருங்கள். கப்பலில் சாப்பாடு இலவசமாகக் காத்திருக்கிறது என்ற நினைப்பை ஒரு வேளைக்கு மறந்துவிடுங்கள்.

சைவக் குடும்பங்கள் இங்கே தயங்குவது நியாயம். தீவுக்கு எதிரே இருக்கும் யுகத்தான் பகுதியின் சமையலில் அரைத்த பீன்ஸ் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பில் தாளிக்கப்படுகிறது, சிவப்புச் சோறு கோழி வேகவைத்த நீரில் வேகிறது. ‘சின் கார்னே’ என்று இறைச்சி வேண்டாம் எனச் சொன்னால் மட்டும் போதாது. ‘சின் மந்தேகா, சின் கால்தோ தே போயோ’ என்று கொழுப்பையும் கோழிச்சாற்றையும் பெயர் சொல்லித் தவிர்க்க வேண்டும். ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு காட்டினால் கடைக்கார அம்மா புரிந்துகொண்டு எது சாப்பிடலாம் என்று கையால் காட்டிவிடுவார்.

கிடைப்பது குறைவல்ல. சிகில் பாக் என்று ஒன்று உண்டு. வறுத்த பூசணி விதையையும் சுட்ட தக்காளியையும் மிளகாயையும் கொத்தமல்லியையும் சேர்த்து அரைத்த துவையல், மாயா மக்களின் பழைய பண்டம். முட்டை சாப்பிடுகிறவர்களுக்குப் பாப்பட்சூல் இருக்கிறது: வேகவைத்த முட்டையைத் தோர்த்தியாவில் சுருட்டிப் பூசணி விதைச் சாற்றில் தோய்த்து மேலே தக்காளிச் சாறு ஊற்றித் தருவார்கள். சாயா என்ற கீரையை முட்டையோடு வதக்குவார்கள், அன்னாசியோடு அரைத்துப் பானமாகவும் குடிப்பார்கள். மேசை மேல் வைத்திருக்கும் ஹபனேரோ சட்னியை, எங்கள் ஊர்க் காரம் தெரியாதா என்று கரண்டி நிறைய எடுத்துவிட வேண்டாம். அது குண்டூர் மிளகாயைவிடப் பல மடங்கு காரம். பழநீர்க் குடுவைகளில் மங்கலான பழுப்பாக இருப்பது புளித்தண்ணீர். ஆப்பிரிக்காவில் தோன்றிய புளி ஸ்பானியர் ஆட்சிக்காலத்தில் மெக்சிகோவுக்கு வந்து சேர்ந்தது. இன்று சர்க்கரை போட்ட புளித்தண்ணீர் அங்கே ஊரெங்கும் குடிக்கும் பானம். கூட வந்திருக்கும் பாட்டிக்கு முதல் குவளையைக் கொடுங்கள்.

தோர்த்தியாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, கழுவி அரைத்துத்தான் அந்த மாவு உண்டாகிறது. சுண்ணாம்பு சேரும்போதுதான் மக்காச்சோளத்தில் சிக்கிக் கிடக்கும் நியாசின் உடலுக்குக் கிடைக்கும் நிலைக்கு வருகிறது. இந்தப் பக்குவத்தை விட்டுவிட்டு மக்காச்சோளத்தை மட்டும் கொண்டுபோன ஐரோப்பாவின் ஏழைக் கிராமங்களில் பெல்லக்ரா நோய் தலைமுறை தலைமுறையாக ஆட்டிவைத்தது. சந்தைக்குப் பக்கத்துத் தெருவில் அந்தச் சுண்ணாம்பு மணத்தை நேரில் முகரலாம்.

சாப்பிட்ட பிறகு, அல்லது வெயில் ஏறுமுன் காலையிலேயே, சான் ஹெர்வாசியோவுக்குப் போகலாம். தீவை மேற்கிலிருந்து கிழக்காகக் குறுக்கே வெட்டும் சாலையிலிருந்து பிரிந்து காட்டுக்குள் போகும் பாதையில் அந்த மாயா இடிபாடுகள் இருக்கின்றன. சிச்சென் இட்சாவைப் போன்ற பெரிய மாயா நகரத்தை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். கட்டடங்கள் சிறியவை, சில ஆளுயரத்துக்குச் சற்றே மேல். கொசு கடிக்கும், உடும்பு போன்ற இகுவானாக்கள் கல் மேல் படுத்து வெயில் காயும். இருந்தும் அந்த இடத்தின் கதை பெரியது.

இஷ்செல் என்ற பெண் தெய்வத்தின் தலம் அது. நிலவு, மகப்பேறு, மருத்துவம், நெசவு எல்லாம் அவளுடைய பொறுப்பு. யுகத்தான் கரையிலிருந்து பெண்கள் மரக்கலங்களில் ஏறி, நீரோட்டம் பலமாக இழுக்கும் கால்வாயைக் கடந்து, பிள்ளை வரம் கேட்டும் சுகப்பிரசவம் வேண்டியும் வந்தார்கள். நம் கோயில் மரங்களில் தொட்டில் கட்டிவிட்டு வந்த பெண்களை நினைத்துக்கொண்டால் அந்தப் பயணத்தின் கனம் தெரியும். கரையிலிருந்து வெள்ளைச் சுண்ணக்கல் பாவிய நடைபாதையில் நடந்து, ஒரு வளைவின் வழியாக உள்ளே வருவார்கள். பாதையின் பகுதிகளும் வளைவும் இன்னும் இருக்கின்றன. லாஸ் மனிதாஸ் என்று அழைக்கப்படும் கட்டடத்தின் சுவரில் சிவப்பாகப் பதிந்த சின்னக் கைத்தடங்கள் உள்ளன. களிமண்ணால் செய்த உள்ளீடற்ற ஒரு சிலைக்குப் பின்னாலிருந்து பூசாரி பேச, தெய்வமே பேசியதாக மக்கள் கேட்டார்கள் என்று ஸ்பானிய வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். வழிபாட்டோடு வணிகமும் நடந்தது. உப்பும் தேனும் கொக்கோவும் கடற்கரையோரமாகக் கலங்களில் போய்வந்த பாதையில் கோஸுமெல் முக்கியமான இறங்குதுறை. அந்தத் தேனின் பெரும்பகுதி, நம் ஊர்க் கொசுத்தேனீயைப் போன்ற கொடுக்கில்லாத மெலிபோனா தேனீக்களுடையது. மாயா குடும்பங்கள் இன்றும் அவற்றைப் பொந்துள்ள மரக்கட்டைகளில் வளர்க்கிறார்கள்.

கப்பலில் வந்து சில நாள் நின்று போனவர்கள் இந்தத் தீவின் தலைவிதியை மாற்றியது நமக்கு முன்பே நடந்திருக்கிறது. 1518 மே மாதம் ஹுவான் தே கிரிஹால்வா வந்தார். அடுத்த ஆண்டு எர்னான் கோர்த்தேஸ். அஸ்டெக் பேரரசை நோக்கிப் போகும் வழியில் கோர்த்தேஸ் இங்கே நின்றபோது, யுகத்தான் கரையில் தாடியும் மாயா உடையுமாக இருக்கும் மனிதர்கள் பற்றிச் செய்தி வந்தது. 1511-ல் கப்பல் உடைந்து கரையொதுங்கிய ஸ்பானியர்களில் இருவர் எட்டாண்டுகளாக மாயா மக்களோடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஹெரோனிமோ தே அகிலார் வந்து சேர்ந்துகொண்டார். கோர்த்தேஸின் ஸ்பானிய மொழியை அவர் மாயா மொழியாக்க, மலின்சே என்ற பெண் அதை நாவட்டில் மொழியாக்க, அப்படித்தான் அஸ்டெக்குகளோடு பேச்சு நடந்தது. இன்னொருவர் கொன்சாலோ கெர்ரேரோ. மாயா பெண்ணை மணந்து பிள்ளைகள் பெற்று, உடலில் பச்சை குத்திக்கொண்டு வாழ்ந்த அவர் வர மறுத்துவிட்டார். பின்னாளில் ஸ்பானியரை எதிர்த்து மாயாக்களின் பக்கம் நின்று போரிட்டு இறந்தார். வந்த இடத்திலேயே தங்கிவிட்ட அவரை இன்றைய மெக்சிகோ மதிப்போடு நினைவுகூர்கிறது.

தொடர்ந்து வந்த கப்பல்கள் பெரியம்மையைக் கொண்டுவந்தன. சில தலைமுறைகளுக்குள் தீவு ஏறத்தாழ வெறுமையாகிப் போயிற்று. இன்றைய கோஸுமெல் 1848-ல் மறுபடி தொடங்கியது. யுகத்தானில் மாயாக்கள் கிளர்ந்தெழுந்த, ‘சாதிப் போர்’ என்று அழைக்கப்படும் போரிலிருந்து தப்பி வந்த குடும்பங்கள் குடியேறின. ஒவ்வோர் ஆண்டும் மே 3-ஐ ஒட்டி எல் செத்ரால் கிராமத்தில் நடக்கும் சிலுவைத் திருவிழா அந்தக் குடியேற்றத்தை நினைவுகூர்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சூயிங்கம்முக்கான சீக்லே பால் இந்தத் துறை வழியாக ஏற்றுமதியானது. கடற்கரைச் சாலையில் இருக்கும் தீவு அருங்காட்சியகத்தில் இந்தக் கதை முழுக்க இருக்கிறது. பிள்ளைகளை ஒரு மணி நேரம் அங்கே அழைத்துப்போனால் பிறகு கடலில் இறங்கும்போது அவர்கள் பார்வையே வேறாக இருக்கும்.

அக்கரையில் இருக்கும் டுலும் மாயா இடிபாடுகளுக்குப் போய்வரலாமா என்று சிலர் கேட்பதுண்டு. படகேறி, அக்கரையில் பஸ்ஸேறி, திரும்பி வர வேண்டும். பகலில் பெரும்பங்கு பயணத்திலேயே கரைந்துவிடும். வேண்டாம் என்பதே இம்மடலின் யோசனை.

இனி கடல். உலகின் இரண்டாவது பெரிய தடுப்புப் பவளத்திட்டாகிய மெசோஅமெரிக்கப் பவளத்திட்டு, மெக்சிகோவிலிருந்து பெலீஸ், குவாத்தமாலா வழியாக ஹோண்டுராஸ் வரை ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் நீள்கிறது. கோஸுமெல்லின் பலன்கார், கொலம்பியா, சாந்தா ரோசா திட்டுகள் அதன் பகுதிகள். 1996-ல் சுமார் 12,000 ஹெக்டேர் தேசியக் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டம் தண்ணீரைக் கழுவிக்கொண்டே இருப்பதால் கண்ணுக்கு முப்பது மீட்டர் தூரம் தெரியும் நாட்கள் சாதாரணம். அங்கே மூழ்குபவர்கள் நீந்துவதில்லை, ஓட்டத்தோடு மிதந்து போகிறார்கள், படகு பின்னால் வந்து ஏற்றிக்கொள்கிறது. நீச்சல் தெரியாத பெரியவர்களுக்குக் கண்ணாடித் தளம் போட்ட படகு உண்டு.

இந்தத் திட்டு நோயாளியாக இருக்கிறது. 2018-ல் மெக்சிகோவின் கரீபியக் கரையை ஒரு பவள நோய் வந்தடைந்தது. கல்பவளத்தின் சதையைச் சில வாரங்களிலேயே உரித்துவிடும் அது, நூற்றாண்டு வயதான மூளைப்பவளங்களை வெள்ளை எலும்பாக விட்டுச்சென்றது. 2019 அக்டோபரில் அரசின் பாதுகாக்கப்பட்ட பகுதிகள் ஆணையம் பலன்கார், கொலம்பியா, எல் சியேலோ ஆகிய இடங்களைச் சில மாதங்கள் மூடியது. வருமானத்தை இழந்தபோதும் படகுக்காரர்களில் பலர் அதை ஏற்றுக்கொண்டார்கள், திட்டு போனால் தங்கள் பிழைப்பே போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே சில வேண்டுகோள்கள். எல் சியேலோவின் இடுப்பளவு நீரில் நட்சத்திர மீன்கள் மணலில் கிடக்கும். படத்துக்காக ஒன்றைக் கூடத் தண்ணீருக்கு மேலே தூக்க வேண்டாம், தூக்கினால் மூச்சுத் திணறும். உடம்பில் சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு திட்டின் மேல் நீந்த வேண்டாம். முழுக்கை நீச்சல் சட்டை போட்டால் வெயிலும் படாது, கடலும் தப்பும். துடுப்புக் கால்களால் பவளத்தை மிதிக்க வேண்டாம். கடற்கரை விடுதிகளில் வந்து கையேந்தும் குள்ள ரக்கூனுக்குச் சிப்ஸ் போட வேண்டாம். உலகில் இந்தத் தீவில் மட்டுமே வாழும் அருகிவரும் இனம் அது.

டால்பினோடு நீந்தும் சுற்றுலாவைப் பற்றியும் பிள்ளைகள் கேட்பார்கள். 2025-ல் மெக்சிகோவின் நாடாளுமன்றம் கடல் பாலூட்டிகளைக் கேளிக்கைக் காட்சிகளில் பயன்படுத்துவதைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. காட்சியின்போது மேடையில் மோதிக் காயமுற்ற மின்ச்சோ என்ற டால்பினின் பெயரால் அச்சட்டம் அழைக்கப்படுகிறது. எவரேனும் உங்களுக்கு அத்தகைய நுழைவுச்சீட்டை நீட்டினால், இதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு நகருங்கள்.

கிழக்குக் கரைக்கு மட்டும் தனியாக நேரம் ஒதுக்குவது மதிப்புள்ளது. அங்கே மின்கம்பம் கிடையாது, விடுதிகளும் இல்லையென்றே சொல்லலாம். ஜெனரேட்டரில் ஓடும் சில உணவுக்கடைகள், பாறை மேல் அறையும் அலை, கோடையில் ஆமைகள் முட்டையிடும் மணல். நீந்த ஏற்ற கடல் அல்ல, இழுப்பு அதிகம். கரையில் நடக்கலாம். வாடகை ஸ்கூட்டரில் போகலாம் என்று இளைஞர்களுக்குத் தோன்றும். சாலை நேராக இருக்கிறது, காற்றும் மணலும் வேகமும் சேரும்போது விபத்துகள் நடக்கின்றன, கப்பல் காத்திருக்காது. டாக்சியோ காரோ போதும். மெக்சிகோவில் கடற்கரை பொதுச் சொத்து, வழி மறிக்கிறவர்களுக்கு அபராதம் விதிக்க 2020-ல் சட்டத்திருத்தமே வந்தது. எனவே எந்த விடுதியின் கைப்பட்டியும் இல்லாமல் மணலில் உட்கார உங்களுக்கு உரிமை உண்டு.

நேரக் கணக்கில் ஒரு எச்சரிக்கை. கோஸுமெல் அமைந்திருக்கும் கிந்தானா ரோ மாநிலம் 2015 பிப்ரவரியிலிருந்து ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தைப் பின்பற்றுகிறது. கோடையில் டெக்சஸும் தீவும் ஒரே மணி. குளிர்காலத்தில் தீவு ஒரு மணி முந்தி. ஃபுளோரிடாவிலிருந்து கோடையில் கிளம்பினால் தலைகீழ்: தீவின் கடிகாரம் மூன்று காட்டும்போது கப்பலில் நான்கு. ஃபோன் தானாக மாறிக்கொள்ளும், கப்பல் நேரம் மாறுவதும் மாறாததும் கேப்டனின் முடிவு. ஆகவே கப்பலிலிருந்து இறங்குமுன் ஒரு கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். கப்பல் நிறுவனம் விற்கும் சுற்றுலா தாமதமானால் கப்பல் பொறுத்திருக்கும், தனியாகப் போனவர்களுக்குப் பொறுக்காது. இதனாலேயே பலர் தனியாகப் போகப் பயப்படுகிறார்கள். ஊரும் சான் ஹெர்வாசியோவும் சேர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகாது, பயத்துக்கு இடமில்லை.

ஆவண விஷயமும் உண்டு. செல்லுபடியாகும் அமெரிக்க விசாவோ பச்சை அட்டையோ வைத்திருக்கும் இந்தியர்களுக்கு மெக்சிகோ தனி விசா கேட்பதில்லை. பாஸ்போர்ட்டில் எச்-1பி முத்திரை காலாவதியாகி, தங்கும் அனுமதித் தாள் மட்டும் வைத்திருப்பவர்கள், சீட்டு எடுக்கும் முன்பே கப்பல் நிறுவனத்தையும் வழக்கறிஞரையும் கேட்டுத் தெளிவடையுங்கள். ஊரிலிருந்து வந்த பெரியவர்களின் விசா பலமுறை நுழையும் வகையா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வெளியே வருவது அந்த ஊருக்கு ஏன் முக்கியம் என்பதற்கு இரண்டு நிகழ்வுகள். 2020 பிப்ரவரி இறுதியில் எம்எஸ்சி மெராவில்யா என்ற கப்பலை ஜமைக்காவும் கேமன் தீவுகளும் திருப்பி அனுப்பின. ஒரு ஊழியருக்குக் காய்ச்சல், கொரோனாவோ என்ற பயம். கோஸுமெல்லில் எதிர்ப்பு எழுந்தது, இருந்தும் மனிதாபிமானம் கருதி மெக்சிகோ அரசு கப்பலை நிற்கவிட்டது. பரிசோதனையில் அது சாதாரண ஃப்ளூ என்று தெரிந்தது. அடுத்த மாதமே உலகெங்கும் கப்பல்கள் நின்றன. 2021 ஜூன் நடுவில் முதல் கப்பல் மறுபடி வரும் வரை, பதினைந்து மாதம் அந்தத் துறைகள் காலி. டாக்சி ஓட்டுபவர், படகுக்காரர், சந்தையில் சமைப்பவர் என்று ஊரே ஒரே தொழிலை நம்பியிருப்பதன் விலையை அப்போது கொடுத்தது.

இரண்டாவது, நான்காவது துறை ஒன்று கட்டும் திட்டம். பவளத்திட்டுக்குக் கேடு என்று மூழ்குநர்களும் ஊர்க்காரர்களும் பல ஆண்டுகளாக நீதிமன்றத்திலும் தெருவிலும் எதிர்த்து வருகிறார்கள். அவர்கள் கப்பலை வெறுப்பவர்கள் அல்லர், கப்பலால் வாழ்கிறவர்கள். இன்னும் அதிகம் பேர் வேண்டாம், வருகிறவர்கள் ஊருக்குள் வரட்டும் என்பது அவர்களின் வாதத்தில் ஒரு பகுதி. கப்பல் பயணிகளிடம் மெக்சிகோ அரசு வாங்கும் வரியும் வந்திருக்கிறது. நீண்ட காலம் விலக்குப் பெற்றிருந்தவர்கள் 2025 ஜூலையில் தலைக்கு 5 டாலர் செலுத்தத் தொடங்கினார்கள், 2028-க்குள் அதைப் படிப்படியாக 21 டாலராக உயர்த்த ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. அந்தப் பணம் அரசுக்குப் போகிறது. சந்தையில் நீங்கள் சாப்பிடும் ஒரு வேளைச் சோற்றுக்கான காசு சமைத்த அம்மாவின் கைக்கே போகிறது.

கடைசியாக ஒன்று. பயணம் முடிந்த சில நாளில் கப்பல் நிறுவனம் உங்களுக்குக் கருத்துக்கேட்புப் படிவம் அனுப்பும். பெரும்பாலோர் அறையும் உணவும் பற்றி நட்சத்திரம் போட்டுவிட்டு மூடிவிடுகிறார்கள். கோஸுமெல் பற்றிய கேள்வி வரும்போது கீழே இருக்கும் வெற்றுக் கட்டத்தில் சில வரி எழுதுங்கள்: கப்பல் இரவு ஒன்பது வரை நிற்க வேண்டும், சான் மிகேலின் சதுக்கத்தில் ஊர்க்காரர்கள் கூடும் மாலை நேரத்தை நாங்களும் பார்க்க வேண்டும், சான் ஹெர்வாசியோவுக்கு உள்ளூர் வழிகாட்டியோடு சிறு குழுச் சுற்றுலா வேண்டும், சந்தைச் சாப்பாட்டுக் கடைகளைக் கப்பலின் விளக்க உரையில் சொல்ல வேண்டும். டெக்சஸிலிருந்து வரும் குடும்பங்கள் அந்த நிறுவனங்களுக்கு முக்கியமான வாடிக்கையாளர்கள். சில நூறு பேர் ஒரே கோரிக்கையை எழுதினால் அதைப் படிக்கும் மேசை அங்கே இருக்கிறது.